நாற்பத்தோராம் தூணில் உட்கார்ந்த நாய்

காலையில் பல் தேய்க்கும் முன்பே திருத்திப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். மறந்துபோய் வாசலைத் தாண்டினால், மறுநாள் மாட்டும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். நாகைக் கடலரண் வாரியத்தில் வேலை பார்க்கும் நானூறு பேருக்கும் இதுதான் நடைமுறை. தாமதமாக வந்தால் மின்சாரம் ஒரு சுருக். அளவைத் தப்பாகக் குறித்தால் ஒன்று. தவறான எச்சரிக்கை கொடுத்தால் மூன்று. ஊசி குத்துகிற மாதிரிதான், உயிரா போய்விடும், பழகிவிடும் என்பார்கள். பதினெட்டு வருடமாகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை.

என் பெயர் செங்கமலம். மோப்ப நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். என் நாய் பொரி, மீன் சந்தைக்குப் பின்னால் பிறந்த தெருநாய். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவளைப் போல ஒரு மூக்கு இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கடல் ஏறி வந்த பிறகு, ஊரைக் காப்பாற்றக் கட்டியதுதான் இந்தச் சுவர். முப்பது அடி உயரம், வரிசையாக எண் போட்ட தூண்கள், முழுக்க உயிர்க்காரை. காரைக்குள் வாழும் நுண்ணுயிர்கள் சின்ன விரிசல்களைத் தாமே அடைத்துவிடும். ஆனால் உப்புநீர் ஆழமாகப் புகுந்துவிட்டால் அவை செத்துப்போகும். அப்போது சுவரிலிருந்து லேசாகப் புளித்த வாடை வரும். கருவிக்கு எட்டாத அந்த வாடை நாய்க்கு எட்டும். வாடை அடிக்கும் இடத்தில் நாய் உட்கார வேண்டும்.

வாரியத்தின் மற்ற நாய்கள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் திருத்தி உண்டு. தப்பான இடத்தில் உட்கார்ந்தால் கழுத்தில் சுருக். வருடா வருடம் எங்களுக்குப் படிவம் வரும்: தண்டனையா, பரிசா? நான் ஒருத்திதான் 'பரிசு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சரியாகச் சொன்னால் ஒரு நெத்திலிக் கருவாடு. தப்பாகச் சொன்னால் ஒன்றும் கிடையாது, அடுத்த தூணுக்கு நடப்போம். அவ்வளவுதான் என் வித்தை. வாரியம் அதற்கும் ஓர் எல்லை வைத்திருந்தது. ஒரே வருடத்தில் மூன்று தவறான எச்சரிக்கை வந்தால் பொரிக்கும் பட்டை மாட்டிவிடுவார்கள். இந்த வருடம் இரண்டு வந்துவிட்டன.

ஐப்பசி அமாவாசைக்கு முதல் நாள் காலையில், நாற்பத்தோராம் தூணடியில் பொரி உட்கார்ந்தாள்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொறியாளர் இன்பசேகரன் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தார். நாற்பது வயது, அதிர்ந்து பேசாத மனிதர். "ஒண்ணும் காட்டலீங்கக்கா. ரீடிங் சுத்தமா இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாடி பொரி" என்று கூப்பிட்டேன். வந்தாள். திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அப்படியே.

தகவல் தெரிந்து தலைமைப் பொறியாளர் லூர்துராஜ் வந்துவிட்டார். கூடவே அவருடைய செல்ல மோப்ப நாய் கேப்டன், கழுத்தில் பட்டையோடு.

"நேத்து கேப்டன் இந்த வழியாத்தான் போனான். நிக்கவே இல்லை. உக்காந்தா கருவாடு கெடைக்கும்னு உங்க நாய்க்குத் தெரிஞ்சுபோச்சு, செங்கமலம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கருவாட்டுக்கு உக்கார்றவ நாப்பது தூணையும் ஏன் சார் சும்மா தாண்டி வந்தா?"

"இப்பவே கூட்டிட்டுப் போயிட்டா நான் எதையும் பதியல. பதிஞ்சு, துளை போட்டு, உள்ள ஒண்ணும் இல்லைன்னா சாயங்காலமே பட்டைதான். யோசிச்சுச் சொல்லுங்க."

பொரி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. பட்டை ஏறாத அந்தக் கழுத்தை ஒரு தரம் தடவினேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"சார், கேப்டனை இன்னொரு தரம் நடத்திக் காட்டுங்க."

கேப்டன் நடந்தான். முப்பத்தொன்பது, நாற்பது வரை மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தான். நாற்பத்தொன்று நெருங்கியதும் காது மடங்கியது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று கடந்தான். நாற்பத்திரண்டில் மூக்கு மறுபடியும் சுவருக்கு வந்தது. இன்னொரு தரம் நடத்தச் சொன்னேன். அதே கதைதான்.

"பாத்தீங்களா? அவனுக்கும் தெரியுது சார். சொல்லித் தப்பாயிட்டா கழுத்துல விழும். சொல்லாம போனா ஒண்ணும் விழாது. நமக்கு எதுக்கு வம்புன்னு போறான்."

லூர்துராஜ் குனிந்து கேப்டனின் பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பதிஞ்சுக்குங்க. துளை போடுங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் ஆனது. மூன்று அடி வரை வெள்ளைத் தூள்தான் வந்தது. நான் பொரியின் கழுத்தில் கை வைத்தபடி நின்றேன். நான்காவது அடியில் கறுப்புச் சேறு வந்தது. எங்கள் மூக்குக்கே அந்த வாடை எட்டியது. அப்புறம் நீர் கசிந்தது. லூர்துராஜ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. மறுநாள் அமாவாசை அலை இந்த இடத்தில் மோதியிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும்!

"என் ராசாத்தி! என் தங்கமே!" என்று கத்தினேன். பொட்டலத்தோடு கருவாட்டைக் கொட்டினேன். அழுதேனா என்றால், ஆமாம், அழுதேன். பெருமையில் நெஞ்சு விம்மியது.

"கருவி ஏன் காட்டல?" என்று லூர்துராஜ் கேட்டார்.

இன்பசேகரன் முன்னால் வந்தார். "கருவிக்கு இவ்வளவு ஆழம் எட்டாது சார். ஆனா போன மாசமே இங்க சுவர் வேர்த்திருந்துச்சு. பாத்தேன். வெறும் பனியா இருந்துட்டா மூணு விழுமேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவர் கை வெடுக்கென்று உதறியது. பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கும் திருத்திக்கு, ஒப்புக்கொண்ட பிழையும் பிழைதான்.

"அம்பத்தேழுலயும் பாத்தேன் சார்." கை மறுபடியும் உதறியது. "அறுபத்திரண்டுலயும்." மறுபடியும்.

"அய்யோ, போதும் தம்பி" என்றேன்.

"இல்லக்கா, சொல்லி முடிச்சிடறேன்." பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கட்டியிருந்தது, தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. அந்த நிமிடம் அந்த மனிதரை நினைத்தும் எனக்குப் பெருமையாக இருந்தது.

லூர்துராஜ் கிட்டே வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். திருத்தியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க" என்றார்.

இன்பசேகரன் அரை மணி நேரம் பேசினார். மூன்று வருடமாக அவருக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்பது இடங்கள்.