இடது பட்டன்

இடது பக்கத்துப் பட்டன் சூடாக இருந்தது. ஒரு மாதமாக யாரும் தொடாத மிஷின் அது. மழை ஈரத்தில் அதன் இரும்பெல்லாம் சில்லென்று கிடக்க, அந்தப் பட்டன் மட்டும், இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல, வியர்வைப் பிசுக்கோடு வெதுவெதுப்பாக இருந்தது. பாண்டியன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பீங்கான் ஃபியூஸ்களுக்குப் பித்தளை மூடி அடிக்கும் பவர் பிரஸ். இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே நிற்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. ஷெட்டில் யார் அதை மதித்தார்கள்? இடது பட்டன் அமுங்கியே கிடக்கும்படி மரச்சக்கை ஒன்றைச் செருகிவிட்டு, வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தகடு வைப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். அப்படித்தான் போன மாதம் இந்த மிஷினில் நின்ற நடராசனின் இடது கை மணிக்கட்டோடு போனது. அதற்கப்புறம் சக்கையைப் பிடுங்கி எறிந்தார்கள்.

நல்லூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, நடராசன் துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான். "கை போயிடுச்சின்னு சொல்றாங்க. எனக்கு அது இருக்குதுடா பாண்டியா. எதையோ அமுக்கிக்கிட்டே இருக்குது. வுடவே மாட்டேங்குது."

சூப்பர்வைசர் கலியமூர்த்தி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "சாயந்திரம் சரக்கு ஏத்த வண்டி வருது. நீயும் மாட்டேன்னா வேற ஆள வச்சிக்கிறேன்."

"செய்யுறேன் சார்."

வீட்டில் கைக்குழந்தை. வேலை போனால் என்ன செய்வது? கை போனால்? பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் வெளியே எடுத்துத்தான் அடிப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள். மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு மிஷின் முன்னால் வந்து நின்றான். தகரக் கூரையில் மழை விடாமல் இரைய, பெரிய சக்கரம் உறுமிக்கொண்டு சுற்ற, சூடேறிய எண்ணெயின் வாடைக்கு அடியில், ஆஸ்பத்திரி வார்டில் கட்டுப் பிரிக்கும்போது வருகிற நாற்றம் ஒன்று மெல்லக் கிளம்பி அவன் மூக்கருகே நின்றது. தகடு வைத்தான். கையை எடுத்தான். அமுக்கினான். இரும்பு விழுந்தது.

மறுபடி தகடு வைத்தான். கையை எடுத்தான்.

இடது பட்டன் ஏற்கெனவே அழுந்தியிருந்தது.

அவன் தொடவில்லை. வலதை மட்டும் அமுக்கிப் பார்த்தான். இரும்பு விழுந்தது. மேலே போனது. இடது பட்டன் எழும்பவில்லை. அதன் மேல் ஈரமாக நான்கு விரல் தடம்.

மெயின் சுவிட்சு பின்னால் சுவரில் இருந்தது. திரும்ப நினைத்தான். உடம்பு திரும்பவில்லை.

வருஷக்கணக்காகச் சக்கை வைத்தே பழகிய அவனுடைய இடது கை, ஒரு கணம் சும்மா நின்றது. பிறகு ஒரு தகட்டை எடுத்தது. அச்சுக்குள் போனது.

வேண்டாம்.

கை கேட்கவில்லை. தகட்டை நேராக்கியது. பொறுமையாக. ஓரத்தைத் தடவிப் பார்த்தது.

"சார்," என்றான். மழை இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

வலது பக்கம் பார்த்தான். அங்கே வேறு யாருடைய கையும் இல்லை. அவனுடைய கைதான். அது, அவன் சொல்லாமலே, பட்டனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.