ஐந்தாவது கட்டி

காலை 7.40. ஸ்ஃபாக்ஸ் நகரின் குழந்தைகள் வார்டில் ஹைத்தமின் காய்ச்சல் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒன்பது வயது. முதுகில் வந்த ஒரு கட்டி, நான்கே நாளில் ரத்தத்தில் விஷமாக ஏறிவிட்டது. வழக்கமான ஊசி இரண்டு நாளாகப் போகிறது; துளியும் பயனில்லை.

"இன்னொரு மருந்து இருக்கே டாக்டர்" என்றாள் ரஃபிக்கா. நகராட்சிச் சுகாதார ஆய்வாளர். ஒரு கேள்வியைப் பிடித்தால் விடவே மாட்டாள்.

"அது சிறுநீரகத்தைப் பதம் பாக்கும். சும்மா எடுத்துக் குடுக்க முடியாது" என்றார் டாக்டர் முன்ஸிஃப். "எந்தக் கிருமின்னு ஆய்வுக்கூடம் நாளை மறுநாள்தான் சொல்லும்."

"அதுவரைக்கும் தாங்குவானா?"

அவர் காய்ச்சல் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

அந்த மாதம் நான்கு சிறுமிகளுக்கு முதுகில் கட்டி. நால்வருக்கும் ஒரே கிருமி. வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமி. நால்வரும் வியாழக்கிழமைகளில் ஒரே ஹம்மாமில், அதாவது பொதுக் குளியல் கூடத்தில், பெண்கள் பக்கம் குளிப்பவர்கள். ஹைத்தமோ வேறு தெரு, வேறு பள்ளி.

"பொம்பளைங்க குளிக்கிற இடத்துல ஒன்பது வயசுப் பையனுக்கு என்ன வேலை? தொடர்பைக் காட்டு, இந்த நிமிஷமே மருந்தை மாத்துறேன்" என்றார் டாக்டர்.

8.15. மார்ச் மாதக் கடைசி. வசந்த விடுமுறை பத்து நாளாக நடக்கிறது. நடைபாதை முழுக்க நோயாளிகளின் தம்பி தங்கைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரஃபிக்கா ஹைத்தமின் தாய் ஜலீலாவின் அருகே அமர்ந்தாள்.

"பையன் எங்க குளிப்பான்?"

"வீட்லதான்."

"எப்பவும்?"

"எப்பவும்கா."

"அவங்கப்பா?"

"மீன்பிடிக் கப்பல்ல. மூணு வாரமாச்சு."

கேள்வி முடியுமுன் பதில் வந்தது. உண்மை சொல்கிறவர்களுக்கு இத்தனை அவசரம் இருக்காது.

ஹைத்தம் பிதற்றினான். "அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்கம்மா... அப்பா வருவாரா?"

"யார் சொன்னது?"

ஜலீலா முந்திக்கொண்டாள். "அவன் டீச்சர். போன வியாழக்கிழமை வகுப்புல சேட்டை பண்ணிட்டான்."

ரஃபிக்கா குரலைத் தாழ்த்தினாள். "போன வியாழக்கிழமை பள்ளிக்கூடம் ஏது ஜலீலா? லீவு. 'அப்பனையும் கூட்டிட்டு வா'ங்கிற நக்கல் ஹம்மாம் வாசல்ல காசு வாங்குறவ வாய்ல வர்றது. வளர்ந்த பையனைப் பொம்பளைங்க பக்கம் இழுத்துட்டு வர்ற அம்மாகிட்டதான் சொல்லுவா."

ஜலீலா உடைந்து அழுதாள். "ஆறு வயசுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்கா. ஆளு குள்ளம்தானே. ஆம்பளைங்க பக்கம் தனியா எப்படி அனுப்புவேன்? வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"அங்க அவனுக்கு உடம்பு தேய்ச்சு விட்டது யாரு?"

"ஸாஸியா. குழந்தைங்களுக்கெல்லாம் அவதான்."

8.40. டாக்டர் முன்ஸிஃப் மருந்தை மாற்றினார்.

காலை 10.00. ஹம்மாமில் ஸாஸியாவின் மணிக்கட்டில் துணிக்கட்டு. ரஃபிக்கா அதை அவிழ்க்கச் சொன்னாள். உள்ளே சீழ் வைத்த கட்டி.

"எத்தனை மாசமா?"

"வரும், போகும்மா. மாத்திரையைப் பிரிச்சுப் பொடியைத் தூவுவேன். வீங்கினா ரெண்டு முழுங்குவேன். வத்துனதும் நிறுத்திடுவேன்."

"தேய்க்கிற கையுறை?"

"குழந்தைங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்."

"நீ நிறுத்துறப்பல்லாம் தப்பிச்ச கிருமி அந்த மருந்தைப் பழகிக்கிச்சு ஸாஸியா. அந்த ஒரே உறை அதை அஞ்சு முதுகுக்குக் கொண்டு போயிருக்கு."

ஸாஸியா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாவம், அந்தக் குழந்தைகள் மேல் அவளுக்கு உயிர்.

"மாத்திரை ஏது?"

"ஜலீலா குடுத்தா. பையனுக்குத் தொண்டை வலி சரியாயிடுச்சு, பாதி டப்பா மிச்சம்னு. அப்பப்போ குடுப்பா. நல்ல மனசு."

இதை அந்தத் தாயிடம் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு ரஃபிக்கா வெளியே வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் 12.20. ஆய்வுக்கூடத்தின் தாளும் அதே கிருமி என்றது. ஹைத்தம் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டான். ஜலீலா ரஃபிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, காய்ச்சல்தான் விட்டுடுச்சே. ஊசியை நிறுத்தச் சொல்லுங்களேன். பிள்ளை கை புண்ணாப் போச்சு."

ரஃபிக்கா அவளை நடைபாதைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டை வலியை, பாதி டப்பாவை, ஸாஸியாவின் மணிக்கட்டை. எதையும் மழுப்பவில்லை.

ஜலீலா உள்ளே போய், மகனின் ஊசி ஏறிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை நாள்?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"பதினொண்ணு."

"போடுங்க" என்றாள்.