கூண்டு ஏழில் ஒரு கொசு குறைகிறது!

பளார்!

விழுந்த அறையில் ஆபீசரின் மூக்குக்கண்ணாடி பறந்து போய் வாஷ்பேசினுக்குள் விழுந்தது.

"ஏம்மா! நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்... அசையாதீங்க!"

பளார்! இந்த முறை இடது கன்னம்.

லேப் டெக்னீஷியன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"ச்சே! தப்பிச்சிடுச்சு!"

"எது?"

"கொசு சார். ஏழாம் நம்பர் கூண்டுல நாற்பது இருக்கணும். இப்ப முப்பத்தொன்பதுதான் இருக்கு!"

சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உள்கதவு டக். வெளிக்கதவு டக். இரண்டும் பூட்டிக்கொண்டன.

ஆபீசர் உள்கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

கொசு மூலமும் உண்ணி மூலமும் மனிதனுக்குத் தொற்றும் வைரஸ்களை ஆராயும் கூடம் அது. அங்கே கொசுக்களுக்கும் வருகைப் பதிவு உண்டு. கூண்டைச் சில நிமிடம் குளிரில் வைப்பார்கள். கொசுக்கள் மயங்கிச் சரியும். மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் அது உயிரோடோ பிணமாகவோ கிடைக்கிறவரை யாரும் வெளியே போக முடியாது.

"டைரக்டரே ஆனாலும் உள்ளதான் சார் இருக்கணும்."

"நான் சுகாதாரத் துறை ஆபீசர்மா!"

"கொசுவுக்கு அது தெரியாது சார்."

அப்போது அவருடைய செல்போன் அலறியது. திரையில் 'மச்சான்'.

ஆபீசர் மூலைக்குப் போய், வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"என்னடா?"

"மாமா! எங்க இருக்கீங்க? கார்ல பெட்டிக்குள்ள ஐஸ் உருகுது! எல்லாம் தண்ணி ஆயிடுச்சு!"

"ஒரு கொசு காணோம்டா..."

"உங்களுக்கு எதுக்கு மாமா கொசு? எடுக்கப் போனதை எடுத்துட்டீங்களா இல்லையா?"

எடுத்தாகிவிட்டது!

வெள்ளைக் கோட்டின் உள்பையில், நெஞ்சை ஒட்டி, கட்டைவிரல் அளவுக் குப்பி ஒன்று கிடந்தது. பத்து வருட உழைப்பில் உருவான புதுத் தடுப்பூசியின் மாதிரி. குடிக்கத் தண்ணீர் கேட்டு டெக்னீஷியனை வெளியே அனுப்பிய ஒன்றரை நிமிடத்தில், ஃப்ரீசரைத் திறந்து, கடைசித் தட்டில் இருந்த ஒரே குப்பியைச் சுருட்டியாகிவிட்டது. வாங்கிக்கொள்ள ஒரு போட்டிக் கம்பெனி காத்திருக்கிறது.

ஆபீசராவது, மண்ணாங்கட்டியாவது! அடையாள அட்டை மச்சானின் கைவண்ணம். இனிமேல் இந்தக் கதையில் அவனுக்கு 'அவர்' கிடையாது.

போனை வைத்துவிட்டு அலமாரியில் சாய்ந்தான்.

"சார்! அதுல சாயாதீங்க!" டெக்னீஷியன் கத்தினாள். "அந்தப் பாட்டில் எல்லாம் உண்ணி!"

துள்ளிக் குதித்தான்.

"உண்ணியா?"

"மாட்டு மேல ஒட்டிட்டு இருக்குமே, அதேதான். கொசுவாவது கடிச்சிட்டுப் பறந்துடும். உண்ணி சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி சார்... ஒட்டுனா நாலு நாள் தங்கிட்டுத்தான் போகும்!"

"அதை விடும்மா. அந்தக் கொசு... கடிச்சா என்ன ஆகும்?"

டெக்னீஷியன் மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டே, பட்டியல் வாசிப்பதைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல காய்ச்சல். அப்புறம் கண்ணுக்குப் பின்னால வலி. அப்புறம் எலும்பை எல்லாம் யாரோ முறிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஈறுல ரத்தம்..."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்."

அவனுடைய வலது காதுக்குப் பின்னால் சுருக்கென்றது!

மெல்லத் தடவினான். சின்னதாக ஒரு தடிப்பு... இருந்ததா? இருந்தது! இல்லையென்றாலும் இப்போது இருந்தது!

"ஏம்மா... இங்க கொஞ்சம் பாரேன்."

டெக்னீஷியன் பூதக்கண்ணாடியோடு வந்தாள். பார்த்தாள். 'ப்ச்' என்றாள்.

உலகத்திலேயே கொடூரமான சத்தம் அந்த 'ப்ச்'தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"பயப்படாதீங்க சார். புதுத் தடுப்பூசி ஒண்ணு இருக்கு. கடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள போட்டா பொழைச்சுக்கலாம். ஒரே ஒரு குப்பிதான். உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம்?"

ஃப்ரீசரை நோக்கி ஓடினாள். திறந்தாள். குளிர்ப்புகை கிளம்பியது. கடைசித் தட்டைத் துழாவினாள்.

"ஐயோ சார்!"

"என்ன?"

"குப்பியைக் காணோம்!"

அவன் கை கோட்டுப் பக்கம் போனது. பாதியில் நின்றது. அவன் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே மருந்து, அவன் இதயத்துக்கு அரை அங்குலத் தொலைவில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் ஜெயில். கொடுக்காவிட்டால் சுடுகாடு!

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"

"பத்துதான் சார். கொசு தப்பிச்சே இருபது நிமிஷம் ஆச்சே!"

போன் மறுபடி அலறியது.

"மாமா! தண்ணியே கொதிக்க ஆரம்பிச்சிடும் போல! வர்றீங்களா இல்லையா?"

"டேய், மருந்தை நமக்கு நாமே ஊசி போட்டுக்க முடியுமாடா?"

"என்ன மாமா உளர்றீங்க? அதை விக்கப் போறோம்!"

"நான் செத்துட்டா?"

மச்சான் கவலையோடு கேட்டான். "குப்பிய யாருகிட்ட குடுத்துட்டுச் சாவீங்க?"

போனை வைத்துவிட்டான். பெண்டாட்டி தம்பியை நம்பித் தொழிலில் இறங்கியவனின் மூளையில் அப்போதுதான் அந்த யோசனை மின்னியது!

"ஏம்மா! குப்பி கீழ எங்கயாவது உருண்டிருக்கும். நானும் தேடுறேன்."

மண்டியிட்டான். குப்பைக்கூடைக்குப் பின்னால் தலையை விட்டான். கோட்டுக்குள் கையை விட்டான். அடுத்த வினாடி எழுந்து நின்றான்.

"கிடைச்சிடுச்சு! இதோ! சீக்கிரம் போடு!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீட்டினான்.

டெக்னீஷியன் குப்பியை வாங்கினாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சார், இந்த ஃப்ரீசர் மைனஸ் எண்பது டிகிரி."

"இருக்கட்டும்மா, போடு!"

"கீழ தரை வேற ஏசியில ஐஸ் மாதிரி இருக்கு."

"நிமிஷம் ஓடுதும்மா!"

"ஆனா குப்பி மட்டும் வெதுவெதுன்னு இருக்கு. குழந்தைக்குப் பால் ஆத்தின பதம். யார் நெஞ்சுல தூங்கிச்சு சார் இது?"

அவன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

உள்கதவு திறந்தது. டைரக்டர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் வாட்ச்மேன். அவருடைய பிடியில், சட்டை நனைந்து, ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி...

மச்சான்!

"மாமா! நான் ஒண்ணுமே சொல்லல மாமா! எல்லாத்தையும் நீங்கதான் பண்ணீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்!"

அவன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். டைரக்டர் அம்மாவின் கால் பக்கமாக நகர்ந்தான்.

"ஒத்துக்கறேன் மேடம்! திருடினேன்! போலி கார்டு! எல்லாம் உண்மை! மொதல்ல ஊசியைப் போடச் சொல்லுங்க... அப்புறம் உள்ள போடுங்க! இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு!"

டைரக்டர் அம்மா டெக்னீஷியனைப் பார்த்தார்.

"நீ இன்னும் இவர்கிட்ட சொல்லலையா?"

"இல்ல மேடம். வாக்குமூலம் முடியட்டும்னு இருந்தேன்."

"என்ன சொல்லல?" அலறினான்.

டெக்னீஷியன் அவன் எதிரில் குத்துக்காலிட்டு அமர்ந்தாள்.

"தண்ணி எடுத்துட்டு வந்தப்பவே ஃப்ரீசரைப் பார்த்துட்டேன் சார். தட்டு காலி. ஆனா அடையாள அட்டை மாட்டின ஆபீசரோட பையில நான் எப்படிக் கை விடறது? அதான் மேடத்துக்கு மெசேஜ் போட்டுட்டு, கூண்டைத் திறந்து ஒரு கொசுவை நானே விட்டேன். கடிச்சப்புறம் போட்டா இந்த ஊசி வேலை செய்யாது சார். அரை மணி நேரக் கணக்கும் நான் விட்ட கதைதான்."

"அடிப்பாவி! அப்ப வைரஸ் கொசுவை எம்மேல ஏவி விட்டுட்டியா? நான் சாகத்தான் போறேனா?"

"ஏழாம் கூண்டுல வைரஸே கிடையாது சார். அதுல இருக்கிற நாற்பதும் ஆண் கொசு. ஆண் கொசு யாரையும் கடிக்காது. பூவுல இருக்கிற தேனைக் குடிச்சிட்டு, தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கும். நிஜமான ஆபீசரா இருந்தா இது மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

அவன் காதுக்குப் பின்னால் வைத்திருந்த விரலை மெல்ல எடுத்தான்.

டெக்னீஷியன் எழுந்து, கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"இன்னிக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள ரத்தம் உறிஞ்ச வந்த ஒரே ஆம்பளை நீங்கதான் சார்!"