மார்கன் என்று வராத தம்பி

ஓசூர் பாகலூர் ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மாதேஸ்வரியின் துப்பறியும் அலுவலகம். படியேறி வந்த ஜெயசெல்வி நாற்காலியில் உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தம்பின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான், மேடம். வீட்டுக்காரர் வெரட்டி விட்டுட்டாரு. இன்னைக்குச் சாயந்திரம் ஊருக்குத் திரும்பறானாம். நெசமாவே அவன் என் தம்பி எட்சனா இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுடைய அப்பா சவரியப்பன் பர்கூர் கல்குவாரியில் இறந்தார். அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் விடுதியில் ஜெயசெல்வியின் இடுப்பை விட்டு இறங்காத தம்பியை, வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ரீஸ் மார்கன் என்பவர் தத்தெடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவள் மனசு ஆறவே இல்லை. 'எட்சன் மார்கனைத் தேடுகிறேன், ஜெயசெல்வி' என்று ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள்.

"அதைப் பாத்துட்டுத்தான் வந்தானாம். ஆனா பாஸ்போர்ட்டுல எட்சன் ரீஸ்னு இருக்கு. வெள்ளைக்காரங்களுக்குக் குடும்பப் பேரு மாறாதே! தமிழும் தெரியல. செல்லுல ஒரு குழந்தை போட்டோவைக் காட்டி 'அக்கா, அக்கா'ன்னு அதையே சொல்லிட்டு நின்னான்."

"சுத்த ஃபோர் ட்வென்ட்டிப் பய!" என்றார் கோவிந்தன். மாதேஸ்வரியின் கணவர், உதவியாளரும் அவரே. கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, உலகத்தில் எவனைப் பார்த்தாலும் திருடனாகத்தான் தெரியும்.

"கொஞ்சம் சும்மா இருங்க" என்ற மாதேஸ்வரி, அந்த ஆள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போன் போட்டாள். அவனிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு அவனை நேரிலேயே வரச் சொன்னாள்.

அவன் பையோடு வந்து நின்றான். ஜெயசெல்வியின் கணவன் வெஸ்லினும் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ரீஸோட அப்பா பேரு என்னன்னு கேட்டேன். மார்கனாம்" என்றாள் மாதேஸ்வரி. "வேல்ஸ்ல அந்தக் காலத்துல குடும்பப் பேரே கெடையாது. நம்மள மாதிரி அப்பா பேருதான் கூட வரும். மார்கன் மகன் ரீஸ் மார்கன். ரீஸ் மகன் எட்சன் ரீஸ். நடுவுல 'ஆப்'னு போடுவாங்க, மகன்னு அர்த்தம். ஆப் ஹவல்தான் தேஞ்சு பவல் ஆச்சு. அப்புறம் இங்கிலீஷ்காரங்க வழக்கம் வந்து ஒரே பேரு நிலைச்சுப்போச்சு. இப்ப சில குடும்பங்க மறுபடியும் பழையபடி வெக்கறாங்க."

"இதெல்லாம் உனக்கு எவன் சொன்னான்?"

"உங்க கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்தாரே பவல், நம்ம வீட்டுல களி தின்னுக்கிட்டே சொன்னாரு. நீங்க டிவி பாத்துட்டிருந்தீங்க."

"இதை எவன் வேணா படிச்சுட்டு வரலாமே, மேடம்" என்றான் வெஸ்லின்.

"வரலாம். ஆனா ஏமாத்த வர்றவன் எந்தப் பேர்ல வருவான்? உங்க வீட்டம்மா போட்ட பேர்ல! மார்கன்னு வந்திருந்தா நீங்களே மாலை போட்டிருப்பீங்க. யாருமே நம்பாத பேரோட வந்து நின்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கங்க, வேண்டாங்கல."

வெஸ்லின் கட்டியிருந்த கையை இறக்கினான்.

"அப்போ அந்த 'அக்கா'?" கோவிந்தன் விடுவதாக இல்லை.

மாதேஸ்வரி எட்சன் பக்கம் திரும்பி, போட்டோவில் இருந்த குழந்தையின் பெயரைக் கேட்டாள். அவன் செல்லை நீட்டினான். பல் விழுந்த வாயோடு ஒரு சிறுமி சிரித்தாள்.

"அக்கா எட்சன்" என்றான்.

பிறகு அவன் இங்கிலீஷில் சொன்னதை மாதேஸ்வரி தமிழில் சொன்னாள். "சின்ன வயசுல தன்னைத் தூக்கிச் சுமந்த பொண்ணோட பேரு அதுன்னு நெனச்சாராம். அது ஒண்ணுதான் ஞாபகத்துல இருந்துச்சாம். அதான் மகளுக்கு வெச்சிருக்காரு. ஃபேஸ்புக்கில ஜெயசெல்வின்னு வேற பேரு இருக்கவும் கொழம்பிப் போய், கேட்டுட்டுப் போகலாம்னு வந்தாராம்."

ஜெயசெல்வி எழுந்து போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாண்டா கண்ணு, அதுதான் என் பேரு" என்றாள்.