மேகத்தில் ஏறிய வாண்டு

வாண்டுவின் நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவதுபோல் கர்ர், கர்ர் என்று சத்தம். உள்ளே சளி பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது இளகினால்தான் நாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவார்கள்.

கட்டிலருகே பெரிய டாக்டர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சின்ன டாக்டர்கள். அவர்களுக்கும் பின்னால் அவருடைய பையைச் சுமப்பவர்.

"இது சாதாரண மருந்தில்ல, புரத மருந்து!" என்று தொண்டையைக் கனைத்தார். "சளியைக் கட்டி வெச்சிருக்கிற நூலையெல்லாம் வெட்டிடும். முழுங்கினா வயித்துலயே செரிச்சுப் போயிடும். அதான் பனியாக்கி நேரா நுரையீரலுக்கு அனுப்புறோம். ஆனா ரொம்ப மென்மையானது. குலுக்கக் கூடாது, சூடாக்கக் கூடாது."

"எங்க தம்பி மாதிரியேதான்," என்றாள் கட்டிலருகே நின்ற வாண்டுவின் அக்கா.

பனி வரும் அழகைக் காட்ட, டாக்டர் மருந்தைப் பனியாக்கும் மிஷினைத் தட்டிவிட்டார். மாஸ்க் அவர் கையிலேயே இருந்தது. வெண்பனி சுருள் சுருளாக எழுந்தது. சின்ன டாக்டர்கள் "ஆஹா!" என்றார்கள். அவர் பனியின் பெருமையைப் பேசப் பேச, பனி ஜன்னல் வழியாக ஊர் சுற்றக் கிளம்பியது.

அக்கா எட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

"யாரும்மா அது? நான் பேசிட்டிருக்கேன்ல?"

"நீங்க பேசுங்க டாக்டர். ஜன்னலுக்குச் சளி இல்லையேன்னுதான்…"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நர்ஸ் குனிந்து மிஷினில் மிஞ்சிய மருந்தைப் பார்த்தார். "நல்லவேளை, முக்கால்வாசி இருக்கு."

மிஷினை மறுபடி போட்டு, முகத்தில் மாஸ்க்கை வைத்ததும் வாண்டு வீறிட்டான்.

"கத்தாம மூச்சை இழு!" என்று டாக்டர் அதட்ட, கூச்சல் கூரையைத் தொட்டது.

அக்கா கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். "டேய் வாண்டு, நம்மள ஏத்திட்டுப் போக மேகம் வந்திருக்குடா. கத்தினா பயந்து ஓடிடும். மெல்ல இழு… ம்ம்… நம்ம மொட்டைமாடி தெரியுதா?"

"தெரியல."

"இன்னும் கொஞ்சம் இழு. தெரியும்."

அறை வெளுத்தது. கட்டில் மெல்ல மிதந்தது. கீழே பஸ்கள் எறும்புகளாக ஊர்ந்தன. கொடியில் காயப்போட்ட துணிகள் கையசைத்தன.

"அக்கா… என் சிவப்புச் சட்டை!" என்று முனகினான் வாண்டு.

சின்ன டாக்டர்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். பெரிய டாக்டரும் தன்னையறியாமல் மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டார். பேச்சை எங்கே நிறுத்தினார் என்பது அவருக்கே மறந்துபோனது.

பனி தீர்ந்து சற்று நேரம் கழித்து வாண்டு எழுந்து உட்கார்ந்தான். உடம்பே அதிர ஓர் இருமல்! கொழகொழவென்று சளி வந்து விழுந்தது.

அறை முழுக்கக் கைதட்டல். பெரிய டாக்டர் பழக்கதோஷத்தில் தலைவணங்கினார். குனிந்தபோதுதான், சளி விழுந்திருந்தது தன் பளபள ஷூவின் மேல் என்று தெரிந்தது.

அவர் வாண்டுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கர்ர் இல்லை.

"நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பலாம்," என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

"மேகத்துலயா, பஸ்லயா?" என்று கேட்டான் வாண்டு.

"பஸ்லதான்டா," என்றாள் அக்கா. "மேகத்துல போனா சட்டை நனைஞ்சிடும்."