மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர்

டிரெய்லரில் ஏற்றி வந்த வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்ததுமே பட்டறையின் ஃபிட்டர் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். நேற்று மாலைதான் அதைக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

கொண்டுவந்தவர் கடற்கரையில் படகுத்துறை நடத்துபவர். ஆள் ஆவேசமாக இருந்தார். பின்னால் அவருடைய தம்பி வலது தோளில் கட்டுடன் தலைகுனிந்து நின்றான்.

"காலைல ஒருத்தரைச் சுழல் இழுத்துட்டுப் போயிடுச்சு. காப்பாத்தப் போறதுக்கு இருக்கிறது இந்த ஒரு வண்டிதான். இவன் ஏறி ஸ்டார்ட் பண்ணா, ஒரு தடவை பத்திக்கிட்டு 'டக்'னு நின்னுபோச்சு. அப்புறம் இவன் நீந்திப் போய்த்தான் இழுத்துட்டு வந்தான். பாறையில மோதித் தோள் கழண்டுடுச்சு. அந்த ஆளு இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கார்."

"தம்பி நல்ல காரியம்தானே பண்ணியிருக்கார்?" என்றாள் பட்டறைக்காரி. படித்த டாக்டர் இல்லை என்றாலும் ஊரே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். இன்ஜினுக்குள் என்ன நோய் என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள்.

"என்ன நல்ல காரியம்? வண்டியைக் கெடுத்ததே இவன்தான். நேத்து சாயங்காலம் சவாரி போறேன்னு கடல்ல கவுத்திருப்பான். சொல்லாம கொண்டுவந்து நிறுத்திட்டான். வண்டி ஏன் கிளம்பலைன்னு துறைமுக ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. இவன் பேரை எழுதிக் கொடுக்கப்போறேன். லைசென்ஸ் போகட்டும், அப்பதான் புத்தி வரும்."

"நான் கவுக்கலண்ணே" என்றான் தம்பி. அதை அவன் காலையிலிருந்து எத்தனை முறை சொல்லியிருப்பானோ, குரலில் உயிரே இல்லை.

ஃபிட்டர் அவசரமாக முன்னால் வந்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருதரம் கவுத்தவன்தானே! தப்புப் பக்கமா நிமிர்த்தினா சைலன்சர் தண்ணி முழுக்க இன்ஜினுக்குள்ள வந்துடும். வேற என்னவா இருக்கும்?"

சொன்ன பிறகு தம்பி தன்னை நிமிர்ந்து பார்த்ததை அவர் கவனித்தார். உடனே ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"நேத்து கடைசியா வண்டியைத் தொட்டது யாரு?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"இவன் சவாரி முடிச்சு அஞ்சு மணிக்கு நிறுத்தினான். அப்புறம் உங்க ஃபிட்டர் மாமா வந்து உப்புப் போகக் கழுவினார். அதுக்கப்புறம் ஷெட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கிட்டேன்."

"ஆமா, கழுவிட்டு இருக்கும்போதுதானே நீ போன் பண்ணினே!" ஃபிட்டர் டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். டாக்டரம்மா அவர் மனைவியின் தங்கை. "எனக்குப் பேத்தி பிறந்திருக்கா முதலாளி. குழந்தை அழுறதைப் போன்லயே கேட்டேன். என்ன தொண்டைங்கிறீங்க!"

டாக்டரம்மா இன்ஜின் மூடியைத் திறந்தாள். மூன்று பிளக்குகளையும் கழற்றச் சொன்னாள். ஸ்டார்ட்டர் சுற்றியதும் மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"பாத்தீங்களா, கடல் தண்ணி!" என்றார் ஃபிட்டர்.

"பொறுங்க மாமா."

அவள் ஒரு மெல்லிய கம்பியைத் துளைகளில் விட்டு, பிஸ்டன் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தாள். முதல் இரண்டும் ஒரே அளவு. மூன்றாவது இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. "தண்ணியை அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்ததுல பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கு." பிறகு ஏர் ஃபில்டரைத் திறந்தாள். உள்ளே பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. கடைசியாக, பீய்ச்சிய தண்ணீரில் கொஞ்சம் தகர மூடியில் விட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள். இன்னொரு மூடியில், கடலில் நீந்தியதில் இன்னும் காயாத தம்பியின் சட்டை நுனியைப் பிழிந்து சில சொட்டு விட்டாள்.

இரண்டும் சுண்டின. சட்டைத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. இன்ஜின் தண்ணீர் இருந்த மூடியில் லேசான எண்ணெய்ப் படலத்தைத் தவிர ஒன்றுமில்லை.

ஃபிட்டர் குனிந்து மூடியை எட்டிப் பார்த்தார். "பெட்ரோல் கலந்திருக்கும். அதனாலகூட உப்பு தெரியாம..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள் அவள். அண்ணன்காரர் பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். தம்பி உட்காரவில்லை.

"வண்டி கடல்ல கவுந்திருந்தா உள்ள இருக்கிறது உப்புத்தண்ணி. ஏர் ஃபில்டரும் நனைஞ்சிருக்கும். இது ரெண்டும் இல்ல. இது குழாய்த் தண்ணி, சைலன்சர் வழியா ஏறியிருக்கு. உப்புப் போக இன்ஜின்ல குழாயை மாட்டிக் கழுவும்போது, முதல்ல இன்ஜினை ஓட விடணும், அப்புறம்தான் குழாயைத் திறக்கணும். முடிக்கும்போது முதல்ல குழாயை மூடணும், அப்புறம்தான் இன்ஜினை நிறுத்தணும். இன்ஜின் ஓடுற வரைக்கும் புகையே தண்ணியை வெளியில தள்ளிடும். இன்ஜின் நின்னு குழாய் மட்டும் ஓடினா, தண்ணிக்குப் போக்கிடம் சிலிண்டர்தான்."

"அப்ப கழுவினப்போ..." அண்ணன்காரர் மெல்லத் திரும்பினார்.

"நேத்து நான்தான் ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணினேன்" என்றாள் அவள், ஃபிட்டரைப் பார்க்காமல். "பதினோரு நிமிஷம் பேசினோம். மூணு சிலிண்டர் இன்ஜின் கைக்கெட்டுற தூரத்துல ஓடும்போது, போன்ல பச்சைக் குழந்தை அழுறது யாருக்கும் கேக்காது. எனக்கும் அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கேக்கல. தண்ணி கொட்டுற சத்தம்தான் கேட்டுது. அப்ப எனக்கு உறைக்கல. உறைச்சிருக்கணும்."

அவள் இனி வாய் திறக்க மாட்டாள் என்பது ஃபிட்டருக்குப் புரிந்தது. மீதியை அவரே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.

"நான்தான்" என்றார். "பேச்சு கேக்கலைன்னு இன்ஜினை ஆஃப் பண்ணினேன். குழாயை மறந்துட்டேன். பேசி முடிச்சதும் குழாயை மூடிட்டு, சந்தோஷத்துல அப்படியே ஓடிட்டேன். பஸ்ல போகும்போது ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போய் பிளக்கைக் கழட்டித் தண்ணியை எடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு நிமிஷம்தான் ஓடியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப வண்டியைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா என் தம்பியைச் சொன்னீங்க?" அண்ணன்காரர் எழுந்தே விட்டார். ஆனால் அதே பழியை அவரும்தான் காலையிலிருந்து சுமத்தியிருக்கிறார். தம்பியின் கட்டைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

தம்பிதான் ஃபிட்டரைப் பார்த்துப் பேசினான். "குழாயை மறக்கிறது யாருக்கும் நடக்கும்ணே. 'கவுத்தவன்தானே'ன்னு சொன்னீங்களே, அதை மறந்து சொல்லலையே."

ஃபிட்டர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். இவ்வளவுக்குப் பிறகு அந்த வார்த்தை மிகவும் மலிவாகத் தோன்றியது.

"துறைமுக ஆபீஸ் காகிதம் எங்க?" என்று கேட்டார்.

அண்ணன்காரர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். பழுதின் காரணம் என்ற இடத்தில் தம்பியின் பெயர் பாதி எழுதியிருந்தது. ஃபிட்டர் அதை அடித்துவிட்டு, கிரீஸ் கறை படிந்த கையால் நடந்ததை வரிக்கு வரி எழுதினார்: இன்ஜினை நிறுத்தியது, குழாயை மறந்தது, பஸ்ஸில் நினைவு வந்தும் திரும்பாதது.

"கடைசி வரியை எழுதணும்னு அவசியம் இல்ல மாமா" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "அதை எழுதினா துறைமுகத்து வேலை எதுக்கும் இனி உங்களைச் சேர்க்க மாட்டாங்க."

"இருக்கட்டும்மா."

கையெழுத்துப் போட்டுத் தாளைத் தம்பியிடம் நீட்டினார். அவன் இடது கையால் வாங்கி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தான். அவன் படித்து முடிக்கும்வரை ஃபிட்டர் நின்றுகொண்டே இருந்தார்.