பவுலின் கைபட்டால் பச்சை

காலை ஷிஃப்டுக்கு முன்னால் பவுலினின் கடையில் கூட்டம் அலைமோதும். தூத்துக்குடித் துறைமுகத்தின் விழிவாசலைத் தாண்ட வேண்டுமே! அந்தக் கதவு அட்டையும் கேட்காது, கைரேகையும் கேட்காது. கண்ணுக்குள் எட்டிப் பார்த்து, விழித்திரையின் ரத்தக்குழாய்களைப் படிக்கும். பச்சை எரிந்தால் கிரேன் ஏறலாம். மஞ்சள் எரிந்தால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மஞ்சள்காரர்கள் நேரே பவுலினிடம் வருவார்கள். விழித்திரையைச் செப்பனிடும் இந்தத் திரைமெருகு வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. லேசரும் சொட்டு மருந்துமாகக் கசிவை அடைத்து, நெளிந்த குழாயை நிமிர்த்திவிடுவாள். பார்வை நிஜமாகவே தெளியும், சட்டமும் தடுக்கவில்லை. கிரேன் ஓட்டக் கண் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தச் சோதனை என்று துறைமுகமே நம்பியது. பவுலினுக்கும் தன் கைமேல் கொள்ளைப் பெருமை.

அன்று நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அவள் புருஷன் மிக்கேல்.

"மஞ்சள் காட்டிட்டு பிள்ளே. சீக்கிரம் முடிச்சு விடு, கப்பல் காத்துக் கிடக்கு."

அவள் குனிந்து லென்ஸ் வழியே பார்த்தாள். ரத்தப் புள்ளிகள், பஞ்சுத் துணுக்குபோல வெள்ளைத் திட்டுகள். போன வாரம் கிரேன் ஓட்டும் அந்தோணிசாமியின் கண்ணிலும் இதேதான். துடைத்து வைத்தாற்போலச் சரிசெய்து அனுப்பினாள். நேற்று அவர் கிரேன் கேபினிலேயே பக்கவாதத்தில் சரிந்துவிட்டார். தற்செயல் என்று நேற்றெல்லாம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். புருஷன் கண்ணைப் பார்த்தபின் அந்தப் பொய் வாயில் வரவில்லை. உடம்பின் கேட்டைக் கண் முன்கூட்டியே காட்டும் என்பது படிப்பில் வந்த பாடம்தான், பரீட்சையோடு மறந்துபோனது. மாதாவே, இத்தனை நாளும் நோயையா தீர்த்தோம், எச்சரிக்கையை அல்லவா அழித்தோம்!

"நான் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"கண்ணுக்கு உன்னைவிட ஆஸ்பத்திரியா?"

"இது கண்ணோட நிக்கிற சமாச்சாரம் இல்லீங்க. மூளைக்கும் நெஞ்சுக்கும் போற குழாயும் இப்படிக் கெட்டிருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்குன்னு ஆகிடுமா?"

"ஆகாது. அதைத்தான் போய்ப் பார்ப்போம்ங்கேன்."

"ஊருக்கெல்லாம் செஞ்ச, எனக்கு மாட்டியா? எதிர்க்கடைக்குப் போறேன்."

"போங்க, அங்கேயும் வந்து கத்துவேன்." லேசரை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "எல்லாரும் கேளுங்க! டாக்டர் பார்க்காம இனி யாருக்கும் மெருகு கிடையாது. எங்கிட்ட செஞ்சவங்க அத்தனை பேரும் போய்க் கழுத்து ஸ்கேன் எடுங்க!"

கூட்டம் வாய்க்கு வந்தபடி ஏசியது. அவள் ஷட்டரை இழுத்து விட்டாள்.

ஆஸ்பத்திரி ஸ்கேனில் மிக்கேலின் கழுத்துத் தமனி முக்கால்வாசி அடைத்திருந்தது. "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க, சரிபண்ணிடலாம்" என்றார் டாக்டர் மெஹ்ருன்னிஸா. பவுலினுக்கு அழுகை பொங்கியது. அவன் அவள் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"உங்களையும் ஒருதடவை பார்த்துடுவோம்" என்று டாக்டர் விழிக்கருவியை அவள் பக்கம் திருப்பினார். திரையில் புள்ளியில்லை, கசிவில்லை. "அடேயப்பா, பச்சப்பிள்ளை கண்ணு மாதிரி இருக்கே!"

புது மருந்து எது வந்தாலும் பவுலின் முதலில் தன் கண்ணில்தான் போட்டுப் பார்ப்பாள், லேசரும் அப்படித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணை நம்பாதீங்க டாக்டர். அதோட வாயை அடைச்சதே நான்தான். கழுத்தைப் பாருங்க."